பிரளயத்துக்கு முந்தின ஒரு வார்த்தை

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என்பது, வகுப்பில் நாம் அவிழ்த்துவிட்ட வார்த்தை ஊருக்குள் யாரை முட்டுகிறதோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைகிற வேலை. எனக்குக் காலையில் ராஜபாளையம், சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர், நடுவில் பஸ். இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

எங்கள் சென்டரில் ஒரு வழக்கம். தினமும் காலையில் ஓனர் ஒரு பெரிய வார்த்தையைப் போனில் அனுப்புவார். படிக்கிறவர்கள் அதை வெளியே யாரிடமாவது நிஜமாகவே பேசிவிட்டு வந்து சொல்ல வேண்டும். அந்தத் திங்கட்கிழமை வந்த வார்த்தை, 'ஆன்டிடிலூவியன்'.

கரை சேராத வகுப்பு

அகராதியில் பார்த்தேன். பிரளயத்துக்கு முந்தைய காலத்தது, அதாவது படுபழசு. பிரளயம் என்றதும் எனக்கு நாக்கு ஊறிவிட்டது. தாத்தா வாயால் கதை கேட்டே வளர்ந்தவன் நான். மனுவின் தோணியில் ஆரம்பித்தேன். முன்வரிசை ரோசம்மா அக்கா நோவாவைக் கொண்டுவந்தார். காசிம் பாய் நூஹு நபியைக் கொண்டுவந்தார். எல்லாக் கப்பலும் கரை சேருமுன் நேரம் முடிந்துவிட்டது. அந்த வார்த்தையைக் கேலிக்குத்தான் சொல்வார்கள் என்பது என் தொண்டையிலேயே நின்றுபோனது.

காசிம் பாய் பேண்டேஜ் துணி நெய்கிறவர். சத்திரப்பட்டி ரோட்டில் தறி ஷெட் இருக்கிறது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வாங்கும் ஒரு அம்மா, வியாழக்கிழமை வீடியோவில் அவரிடம் பேசுவதாக ஏற்பாடு. அந்த ஆர்டர் வராவிட்டால் தறிகளை எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான் என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார். வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னார்: "வாத்தியாரே, நபி காலத்துக்கும் முந்துனதுன்னா லேசுப்பட்ட வார்த்தையா? அந்தம்மாட்ட என் தறிக்கு இதத்தான் சொல்லப்போறேன்."

பட்டன் போன்

ஸ்ரீவில்லிபுத்தூர் வகுப்புக்கும் அதே வார்த்தைதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செல்வம் முகம் தொங்க வந்தான். செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன். மம்சாபுரத்துப் பெரியவர் ஒருவர் பட்டன் போனுக்கு பேட்டரி கேட்டு வந்திருக்கிறார். இவன், "சார், யுவர் போன் இஸ் ஆன்டிடிலூவியன்" என்று எடுத்துவிட்டிருக்கிறான். அவர் அர்த்தம் கேட்க, இவனும் பிரளயத்தை விளக்கியிருக்கிறான்.

பெரியவர் போனைப் பிடுங்கி மடியில் சொருகிக்கொண்டு கடையே கேட்கும்படி சொன்னாராம்: "ஏலே, பிரளயத்துலயே நனையாமக் கரையேறி வந்த போனுல இது! நீ விக்கிறது வேர்வை பட்டாலே செத்துப்போகுது."

வகுப்பு சிரித்தது. என் கண்ணுக்குள் மட்டும் காசிம் பாய் நின்றார்.

அடுத்த வார்த்தை

ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. காலி சீட் இருந்தும் நின்றேன். அந்த வார்த்தை வேண்டாம் என்று பாய்க்கு வாட்ஸப்பில் எழுதினேன். நீலக் கோடு விழவில்லை. கூப்பிட்டேன். பின்னால் தறி இரைய, "நேர்ல வாங்க வாத்தியாரே" என்று வைத்துவிட்டார்.

ஓனரைக் கூப்பிட்டு, "அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கிடுவோமா சார்?" என்றேன். அவர் பதற்றமே இல்லாமல் சொன்னார்: "நாளைக்குக் காலையில புது வார்த்தை வரும் தம்பி, அதப் பாருங்க."

தறி ஓடும்போது

செவ்வாய்க்கிழமை போலவே புதன்கிழமையும் பாய் வகுப்புக்கு வரவில்லை. சாம்பிள் துணி தயாராகிறதாம். ஷெட்டுக்கே போனேன். உள்ளே நுழைந்ததும் தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சாதாரணமாகவே நான் பேசினால் கடைசி பெஞ்சுக்காரர்கள் காதைத் தீட்டுவார்கள்.

"பாய், அந்த வார்த்தை வேண்டாம். அது கேலி!" என்றேன். பாய் சந்தோஷமாகத் தலையாட்டினார். "அதைச் சொன்னா ஆர்டர் போயிரும்!" என்றேன். தோளில் தட்டினார். கிளாஸில் டீ வந்தது. காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து மறுபடியும் சொன்னேன். அவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார்: "நீங்களும் நாளைக்கு வந்து பக்கத்துல இருக்கேங்கியளே, அது போதும் வாத்தியாரே!"

வியாழக்கிழமை

போனேன். ஷெட்டை ஒட்டின அறைக்குள் நுழையும்போதே அந்த அம்மா திரையில் வந்துவிட்டார். வணக்கம், நலம் எல்லாம் சரியாகப் போயிற்று. பிறகு பாய் நெஞ்சை நிமிர்த்தி, "மேடம், மை லூம்ஸ் ஆர் ஆன்டிடிலூவியன்!" என்றார். அந்த அம்மாவின் புருவம் ஏறியது. சொந்த மெஷினை இப்படிச் சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன், துணியும் அப்படித்தானா என்று கேட்டார்.

"என்ன சொல்லுதாவ?" என்று பாய் என்னைப் பார்த்தார்.

"அது பழசைக் கேலி பண்ணுற வார்த்தை பாய். துணியும் அம்புட்டு மோசமான்னு கேக்குறாங்க."

பாய் முகம் சுருங்கிப்போனது. பிறகு சாம்பிளை எடுத்துக் கேமராவுக்கு நேரே வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். "தறி பழசுதான், அதுல பொய் இல்லன்னு சொல்லுங்க. துணியில ஒரு இழை விட்டிருக்கான்னு அவியளையே பாக்கச் சொல்லுங்க."

சொன்னேன். அந்த அம்மா திரைக்குக் கிட்டே வந்து ரொம்ப நேரம் பார்த்தார். இப்போதைக்கு ஒரு கட்டு மட்டும் அனுப்புங்கள், தேறினால் மற்றதைப் பேசலாம் என்றார். வந்தது முழு ஆர்டர் இல்லை. ஆனால் எடைக்கடைக்காரனை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்ல அது போதும்.

திரை அணைந்ததும் பாய் என் பக்கம் திரும்பினார். "இத ஏன் முன்னமே சொல்லல?"

"நேத்தே சொன்னேன் பாய். தறி ஓடிட்டு இருந்துச்சு."

"அப்ப மொதல்ல தறிய நிப்பாட்டச் சொல்லணும்ல! அதுக்குமா உங்க ஓனரு வார்த்தை அனுப்பணும்?"

ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல ஒரு கதை போதும் சகாக்களே, அதை எங்கே சொல்லக்கூடாது என்பதைச் சொல்வதற்குத்தான் வாத்தியார் சம்பளம்.