டீஸ்பூனுக்கு விசிலடித்த மாமா

உங்களில் யாராவது குறுக்கெழுத்துப் புதிருக்கு விசிலடித்ததுண்டா? என் மாமா அடித்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அப்பார்ட்மெண்டிலேயே தங்கியிருந்தார். மதுரையில் படத்தின் முதல் காட்சிக்குக் காகிதம் கிழித்து வீசியவர், அமெரிக்கா வந்ததும் ஓர் இங்கிலாந்துப் பத்திரிகையின் குறுக்கெழுத்துக்கு ரசிகராகிவிட்டார். அதை எழுதுபவரின் புனைபெயர் டீஸ்பூன். முகம் யாருக்கும் தெரியாது.

"டேய், இதக் கேளு. இங்கிலீஷ்காரன் குடிக்கிறதுக்குப் பின்னாடி ஒரு எம். ரசிகனுக்கு அதுதான் உசிரு. என்ன?"

நான் யோசிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"டி, இ, ஏ, அப்புறம் எம். டீம்! தலைவர் தலைவர்தான்டா!"

அந்த டீஸ்பூன் எங்கள் ஊர் நூலகத்துக்குப் பேச வருவதாகத் தெரிந்தது. என் டீச்சர்தான் ஏற்பாடு. வரவேற்புரை சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். மேடையில் நான் பேசப்போவது அதுதான் முதல் தடவை. கண்ணாடி முன் நின்று நின்று பழகினேன்.

"மாமா, ப்ளீஸ், டோண்ட் எம்பாரஸ் மீ."

"உன் மானத்த நான் ஏன் மாப்ளே வாங்கப்போறேன்?"

விழா அன்று நூலக அறையில் அப்படி ஓர் அமைதி. கதவு திறந்தது. மழைக்கோட்டோடு, நரைத்த தலை அம்மாள் ஒருவர் கூச்சத்தோடு உள்ளே வந்தார். நான் வாயைத் திறந்தேன்.

காதைக் கிழிக்கிற விசில்! "டீஸ்பூன் வாழ்க!" மாமா நாற்காலிமேல் ஏறி நின்று, பையிலிருந்து காகிதத் துண்டுகளை அள்ளி அள்ளி வீசினார். ஒருவர் பயந்து மேசைக்கடியில் குனிந்தார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பழகியதில் ஒரு வரிகூட எனக்கு வரவில்லை.

அந்த அம்மாள் தோளில் விழுந்த துண்டை எடுத்துப் பார்த்தார். அவர் போட்ட கட்டங்கள், மாமாவின் கையெழுத்து. இத்தனை வருஷம் விடை கண்டதையெல்லாம் மாமா கிழித்துக் கொண்டுவந்திருந்தார்.

"யூ சால்வ்ட் தீஸ்?"

"எவ்ரி வீக், மேடம்! யூ ஆர் மை தலைவர்... சாரி, தலைவி!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குனிந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். விருந்தாளியே தரையைச் சுத்தம் செய்கிறாரே என்று எனக்கு வெட்கம். நானும் அவசரமாகப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

"நோ, நோ, டியர்!" என்று ஓடிவந்து கூடைக்குள் கைவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீடு திரும்பும்போது காரில் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். குப்பைக்குள் கைவிடுகிற அளவுக்கு அந்தக் காகிதத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.