கட்டளையின் மீதிப் பாதி

கிறிஸ்தவர்கள் இந்தக் காலத்தில் ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டுமா, ஆசரிப்பதானால் சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்க வருகிறவர்கள் எல்லாரும் நன்றாக ஓய்வெடுத்த முகத்தோடுதான் வருகிறார்கள். போன மாதம்கூட இரண்டு பேர் துண்டுப்பிரசுரங்களோடு வந்து உட்கார்ந்து, ஓய்வுநாளை மாற்றியது யார், எப்போது என்று ஒரு மணி நேரம் விளக்கினார்கள். உங்கள் வீட்டில் இன்றைக்குப் பாத்திரம் தேய்ப்பது யார் என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றார்கள். சம்பந்தம் இருக்கிறது. எனக்கு அது பதினான்கு வயதில் தெரிந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் திருச்சி புத்தூரில் குடியிருந்தோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் சபையில் மூப்பர். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று யாரும் சொல்ல மாட்டோம், ஓய்வுநாள்தான். அன்று எங்களில் ஒருவரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, ஊசியைத் தொடக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது, பஸ் ஏறக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலமே கதைப் புத்தகம், வாரப் பத்திரிகை எல்லாவற்றையும் அப்பா டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். வேதத்தைத் தவிர வேறொன்றும் படிக்கக் கூடாது.

என்னோடு படித்த ஒரு பெண் ஸ்ரீரங்கத்திலிருந்து வருவாள். அவர்கள் வீட்டில் மடி, ஆசாரம் எல்லாம் உண்டு. அதைச் சொன்னால் அப்பா சிரிப்பார். அதெல்லாம் வெறும் சடங்கு, நமக்குச் சடங்கு கிடையாது, நாம் கிருபைக்கு உட்பட்டவர்கள் என்பார். அதே அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால், பின்கட்டைப் பார்த்து வேலைக்கார அம்மாவைக் கூப்பிடுவார்.

அந்த அம்மா முதலில் எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் இருந்தார். புருஷன் போனபிறகு, அரியமங்கலத்தில் ஒரு சொந்தக்காரர் இடம் கொடுக்க, ஒரே மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார். ஆனாலும் எங்கள் வீட்டு வேலையை விடவில்லை, தினமும் பஸ்ஸில் வருவார். மற்ற நாட்களில் அம்மாவும் நானும் அவரோடு கூடமாட வேலை செய்வோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கை தொடக் கூடாத எல்லாவற்றையும் அவர் கைதான் தொட்டது. அடுப்பு மூட்டுவது, சனிக்கிழமையே வைத்த குழம்பைச் சூடு பண்ணுவது, சோறு வடிப்பது, திடீரென்று தயிர் போதவில்லை என்றால் கடைக்கு ஓடுவது எல்லாம் அவர்தான். அவர் இந்து, அதனால் கட்டளை அவரைக் கட்டாது என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. நாங்கள் ஓய்வுநாள் என்று சொன்ன நாளை அவர் கனத்த நாள் என்பார். அதையும் நாங்கள் ஏதோ வேடிக்கைப் பேச்சு என்று ரசித்துக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அந்த வருஷம் நான் திடப்படுத்தல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். சபைக்கு முன்னால் நின்று பத்துக் கட்டளைகளையும் ஒப்பித்தால்தான் நற்கருணை எடுக்கலாம். ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை மற்றவற்றைவிட நீளமானது. பிள்ளைகளுக்கு வாயில் நிற்காது என்று எங்கள் சபையில் எப்போதோ யாரோ முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள். அந்த நாளைப் பரிசுத்தமாக வைத்துக்கொள் என்பதோடு முடிந்துவிடும். நாங்கள் அப்படியே ஒப்பித்தோம், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் ஒப்பித்திருந்தார்கள். மீதி என்ன என்று நானும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா என் அம்மாவிடம் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைப் பெண் பார்க்க மணப்பாறையிலிருந்து வருகிறார்கள். பையன் பட்டறையில் வேலை பார்க்கிறான், அவனுக்கு அன்றைக்குத்தான் லீவு. நாலரைக்கு ராகுகாலம் வந்துவிடும், அதற்குள் பார்த்துப் பேசி முடிக்க வேண்டும். மகளுக்காகப் பேச அவரை விட்டால் ஆளில்லை. அன்றைக்கு வரவே முடியாது என்றுதான் கேட்க வந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அம்மா முந்திக்கொண்டு, காலையில் வந்து சோற்றை மட்டும் வடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடலாம் என்றாள். அந்த அம்மா சரி என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வந்து, வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வருகிறார், நாளை மத்தியானம் நம் வீட்டில்தான் சாப்பாடு என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நானும் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிரசங்கியார் மறுநாள் எடுத்துக்கொண்ட பொருள் ஓய்வுநாள். இந்தக் காலத்துக் கிறிஸ்தவன் அதைக் காற்றில் பறக்கவிட்டுவிட்டான் என்றார். மாட்டினி பார்க்கிறான், மார்க்கெட்டுக்குப் போகிறான், ஆராதனை முடிந்த கையோடு பஸ் ஸ்டாண்டில் நின்று முறுக்கு வாங்கித் தின்கிறான் என்றார். கட்டளை அன்றைக்குக் கொடுத்ததுதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று மேஜையைத் தட்டினார். மணி பன்னிரண்டைத் தாண்டியும் அவர் நிறுத்தவில்லை. எனக்குக் கால் மரத்துப்போய், மடியிலிருந்த வேதத்தைப் புரட்டினேன். கதைப் புத்தகத்தைப் பூட்டி வைத்ததால் வந்த வினை அது. கட்டளையின் மீதிப் பாதி என் கண்ணில் பட்டது. அந்த நாளில் நீ வேலை செய்யாதே என்பதோடு அது நிற்கவில்லை. மகனும் கூடாது, மகளும் கூடாது, வேலைக்காரனும் கூடாது, வேலைக்காரியும் கூடாது, ஆடுமாடும் கூடாது, உன் வாசலுக்குள் இருக்கிற வேற்றாளும் கூடாது என்று வரிசையாக இருந்தது. மாட்டுக்குக்கூட ஓய்வு சொல்லியிருந்தது. நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது மணி ஒன்றேகால். அந்த அம்மா போகவில்லை, வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போக முடியாமல் நாங்கள் வரும்வரை இருந்திருக்கிறார். சோறு ஆறிவிட்டது, இன்னொரு தரம் வடி என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் தண்ணீர்ச் செம்பு எடுக்க உள்ளே போனபோதெல்லாம், மணி என்ன ஆச்சு பாப்பா என்று கேட்டார். மூன்று தரம் கேட்டார். நானும் மூன்று தரம் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகச் சொன்னேன்.

பிறகு பந்தியில் உட்கார்ந்து, பிரசங்கியார் ரசம் ஊற்றிக்கொள்ளும்போது, அப்பாவிடம் கேட்டேவிட்டேன்.

"அப்பா, கட்டளையில வேலைக்காரியும் வேலை செய்யக் கூடாதுன்னு இருக்கேப்பா."

"அவங்க நம்ம சபை இல்லையேம்மா."

"வாசலுக்குள்ள இருக்கிற வேத்தாளும் கூடாதுன்னு அடுத்தாப்ல இருக்குப்பா."

அப்பா பிரசங்கியாரைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை, அன்பாகத்தான் சிரித்தார்.

"அது இஸ்ரவேலருக்குச் சொன்னது பாப்பா. அவங்க வீட்ல அடிமைங்க இருந்தாங்க. இந்தக் காலத்துக்கு அத அப்படியே எடுத்துக்க முடியுமா?"

எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் தீரவில்லை. ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று மேஜையைத் தட்டி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்காது. முறுக்கு வாங்கினால் கட்டளை நமக்கு. அடுப்புப் பற்றவைத்தால் கட்டளை நமக்கு. ஒரு விதவை தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் மட்டும் அது இஸ்ரவேலருக்கு. எவ்வளவு சௌகரியம். வேதம் படித்த இரண்டு பெரிய மனிதர்கள், ஒருவர் ரசத்தையும் ஒருவர் மோரையும் குடித்துக்கொண்டே, ஒரு கட்டளையை நடுவில் கிழித்துத் தங்களுக்கு வேண்டிய துண்டை வைத்துக்கொண்டார்கள். நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சாப்பிடு என்றார் அப்பா.

சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு என் தட்டைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் மற்றத் தட்டுகளின்மேல் வைத்தேன். பிறகு முன்னறைக்குப் போய், பெரியவர்களை மடக்கிவிட்ட பெருமையில் அந்தப் பகுதியை இன்னொரு தரம் வாசித்தேன். அவர் மகளை இன்றைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற ஒரு வார்த்தையை நான் பந்தியில் சொல்லவில்லை. மூன்று மணிக்குப் பிரசங்கியாருக்குக் காபி வேண்டியிருந்தது. அடுப்பு மூட்ட ஆள் வேண்டுமே. அந்த அம்மா இருந்து, காபி போட்டுக் கொடுத்துவிட்டு, மூன்றரைக்குக் கிளம்பினார்.

திங்கட்கிழமை வழக்கம்போல வந்தார். அம்மா கேட்டதற்கு, பஸ் கிடைத்து வீடு போய்ச் சேர ஐந்தாகிவிட்டது என்றார். பையன் வீட்டார் இரண்டரையிலிருந்து காத்திருந்திருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவளுக்கே அக்கறை இல்லாத இடத்தில் என்ன பேசுவது என்று சொல்லி, ராகுகாலத்துக்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டார்களாம். மகள் கட்டின புடவையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா, கர்த்தருக்குச் சித்தமில்லை போலிருக்கிறது என்றார். பழியைத் தூக்கிக் கர்த்தர்மேல் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்.

நான் கிணற்றடிக்குப் போனேன். உங்களுக்காக நேற்று அப்பாவிடம் கேட்டேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைத் தட்டிக்கொடுப்பார் என்றுதான் நினைத்தேன் போலிருக்கிறது.

"காதுல விழுந்துச்சு பாப்பா. நல்லாத்தான் கேட்டே" என்றார். தேய்த்துக்கொண்டிருந்த குண்டானைக் கீழே வைத்துவிட்டு, "கேட்ட கையோட அந்தத் தட்டுங்களையும் கழுவி வச்சிருந்தீன்னா, நான் ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சிருப்பேன்" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. இனி அந்த நாளில் வரமாட்டேன் என்று சனிக்கிழமையே அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா யாரையும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள். அப்பா சூடான சோற்றைப் பார்த்தார், உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்ததும் எல்லாத் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு நான் கிணற்றடிக்குப் போனேன். கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.