கம்பெனிக் கோணி

"இவர் எங்கே வேலை பார்த்தார் என்று கேளுங்கள்" என்றார் டாக்டர். அவர் வடநாட்டுக்காரர், தமிழ் வராது. பக்கத்து வீட்டு ஷம்சாத் ஆண்ட்டிக்கு இந்தியோ ஆங்கிலமோ வராது. அதற்காகத்தான் என்னைக் கூட்டிப்போயிருந்தார்கள்.

"நான் எங்க வேலைக்குப் போனேன்? வூட்டோட கீறவ" என்றார் ஆண்ட்டி.

"கணவர்?"

"பிரேக் கம்பெனி. லாரி, பஸ்ஸுக்கு பிரேக் கட்டை செய்யறது. அவருக்கு ஒண்ணுமில்லையே, நல்லாத்தான கீறாரு?"

அந்தக் காலத்தில் பிரேக் கட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் தூள் கலப்பார்கள், அது அவருடைய துணியில் ஒட்டி வீட்டுக்கு வந்திருக்குமா என்று டாக்டர் கேட்டார்.

"அங்கியே குளிச்சி துணி மாத்திகினுதான் வருவாரு" என்ற ஆண்ட்டி, சற்று நிறுத்தி, "கோணி வரும்" என்றார்.

"எந்தக் கோணி, ஆண்ட்டி?"

"அந்தத் தூள் வர்ற கோணிதான். காலியானா ஆளுங்களுக்குக் குடுப்பாங்க. நான் உதறித் தோச்சி, பிரிச்சித் தச்சி வெப்பேன்."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் புற்று. தூள் உள்ளே போய்ப் பல வருடம் கழித்துத்தான் தெரியவரும் என்றார். அதுவரை சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அவர் சொன்னதைச் சொல்ல வரவில்லை.

"உடு கண்ணு, உன் மூஞ்சிலயே கீது" என்றார் ஆண்ட்டி.

மருந்து வாங்கப் போயிருந்த அவர் கணவர் சௌகத் பாய் உள்ளே வந்தார். "இன்னா சொன்னாரு?"

நான் வாய் திறப்பதற்குள் ஆண்ட்டி, "வெறவு அடுப்புப் பொகையாங்க. ரொம்ப வருஷம் ஊதினேன் இல்ல" என்றார்.

மாடம்பாக்கத்தில் முதலாளி அரிகிருஷ்ணன் தன் நெல் வயலில் தகர ஷெட் போட்டு, தாய் கங்கையம்மாள் பெயரில் கங்கை பிரேக்ஸ் தொடங்கியபோது, குடும்பத்துக்கு வெளியேயிருந்து முதலில் சேர்ந்தவர் சௌகத் பாய். முதலாளியும் தம்பியும் அவரோடு சேர்ந்து தூளையும் பிசினையும் கலந்து அச்சில் அழுத்துவார்களாம். கோணியை வீசி எறிவது விவசாய வீட்டில் இல்லாத வழக்கம். அறுவடை முடிந்ததும் கூலியாட்களுக்குக் கோணி கொடுத்த கை, ஆயுதபூஜைக்கும் ரம்ஜானுக்கும் ஷெட் ஆட்களுக்குக் கொடுத்தது. மற்றவர்களுக்கு ஒன்று, பாய்க்கு இரண்டு. முதலாளி வீட்டுக் கூடத்திலும் அதே கோணிதான் விரித்திருந்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் ஆண்ட்டி அவற்றை வாசலில் நின்று உதறுவார். வெள்ளையாகப் பறக்குமாம். மழைச் சாரலுக்குத் திரை, கால்மிதி, மெத்தைக்கு அடிவிரிப்பு எல்லாமே அதில்தான். யாராவது கேட்டால், "கம்பெனி கோணி, கிழியவே கிழியாது" என்று பெருமையாகச் சொல்வார்.

கம்பெனி வளர்ந்தது. பஸ் டெப்போக்களிலிருந்து ஆர்டர் வந்தது. கூடுவாஞ்சேரிக்கு அப்பால் பெரிய ஆலை எழுந்தது. முதலாளியின் மகன் சூர்யா வெளிநாட்டில் படித்துத் திரும்பினார். ஆஸ்பெஸ்டாஸ் கலந்தால் வேண்டாம் என்று வெளிநாட்டில் வாங்குபவர்கள் சொன்னதும் அந்தத் தூள் நின்றது, கோணியும் நின்றது. ஏன் நின்றது என்று ஆட்களுக்கு யாரும் விளக்கவில்லை.

"பெரிய கம்பெனி ஆயிட்டா ஒரு கோணி குடுக்கக்கூட மனசு வராது" என்று பாய் வெகுநாள் குறைப்பட்டுக்கொண்டார். ஆனாலும் அது அவருக்கு 'நம்ப கம்பெனி'தான். தகர ஷெட்டின் முன்னால் முதலாளியோடு அவர் நிற்கும் போட்டோ பாய் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது.

"நம்ப கம்பெனியாம். உங்க பங்கு எவ்ளோங்க?" என்று ஆண்ட்டி சீண்டுவார்.

"ரெண்டு கோணி" என்பார் பாய். இருவரும் சிரிப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு ஆண்ட்டி அதைக் கேட்கவேயில்லை.

மழைக்காலத்துக்கு முன்பே ஆண்ட்டி இறந்துவிட்டார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து எல்லோரும் போன பிறகு, பாய் என்னிடம் சொன்னார்: "காஸ் அடுப்பு முன்னாடியே வாங்கிக் குடுத்திருக்கணும்மா. கம்பெனி, கம்பெனின்னு சுத்திகினு இருந்துட்டேன். அவ பொகையில கெடந்துகீறா."

ஆண்ட்டி சொன்ன பொய் அவரை எதிலிருந்தும் காப்பாற்றவில்லை. ஆனால் உண்மை இன்னும் பெரிதாக இருந்தது. நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இந்த வருடம் பாயும் போய்விட்டார், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, பாய் தொழுகைக்குப் போனதும், ஆண்ட்டி என்னைக் கூப்பிட்டார். பாயின் மெத்தைக்கு அடியில் கடைசிக் கோணி ஒன்று மிச்சமிருந்தது.

"அவரு வர்றதுக்குள்ள அத எடுத்துடு கண்ணு. கேட்டா எலி கடிச்சிடுச்சின்னு நான் சொல்லிக்கறேன். நல்லா தண்ணி தெளிச்சி, மெதுவா மடிச்சி எடு. உதறிடாத."