மஞ்சத்துணி முடிச்சு

பிச்சாட்டூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் செல்லியம்மா பிரசவம் பார்ப்பவள். இடுப்பைத் தாண்டித் தொங்கும் தன் முடிமேல் அவளுக்கு அடேங்கப்பா, அப்படியொரு கர்வம். வலி கண்ட வீட்டில் பூட்டோ முடிச்சோ அவிழாமல் கிடந்தால் பிள்ளை வெளிவரத் தடங்கலாகும் என்பது ஊர் நம்பிக்கை. அவளும் முதலில் தன் கொண்டையை அவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவாள்.

பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் மல்லுக்கு நிற்கவில்லை. "ரத்தம் ஜாஸ்தியா போனா நான் இன்னா பண்ண முடியும்? அங்கயே பெக்கட்டும். ஆனா பொண்ணு தனியா கெடந்து கத்தக்கூடாது" என்றாள். அதிலிருந்து துணைக்குப் போய், இடுப்பை நீவி, நடக்கவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். நர்ஸ் நளினிக்கும் அது சௌகரியம்தான். ஆனால் லேபர் ரூமுக்குள் ஒருத்திதான் போகலாம். யாரென்று வீட்டார் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கல்பனாவுக்குத் தலைப்பிரசவம். தாயில்லாத பெண். "சின்னம்மாதான் வரணும்" என்று ஆஸ்பத்திரியில் செல்லியம்மாவின் கையை விடவில்லை. மாமியார் பத்மினிக்கோ ரத்தத்தைக் கண்டாலே மயக்கம் வரும். சரியென்று தலையாட்டப்போன நேரம் பார்த்து, வீட்டிலிருந்த அவள் மகன், கல்பனாவின் புருஷன் திலீப் போன் செய்தான்.

"செல்லியம்மா சொன்ன மாதிரியே எல்லா முடிச்சும் அவுத்துட்டேம்மா. சாமி படத்துல இருந்த மஞ்சத்துணியக்கூட உடல."

பத்மினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளை நல்லபடி பிறக்கவேண்டி ஏழுமலையானுக்குக் காசு முடிந்து வைத்த துணி அது. உண்டியலில் சேரும்வரை அதை அவிழ்க்கலாமா?

"பாவி! ஒன் பேச்சக் கேட்டுத்தான அவுத்தான்! நீ என் மருமவளத் தொடவே கூடாது!"

கல்பனாவைத் தனியாகவே உள்ளே அழைத்துப்போனார்கள். "சின்னம்மா!" என்று அவள் அலறியது வெளியே கேட்டது. செல்லியம்மா பத்மினியின் எதிரில் வந்து நின்றாள். கொண்டையை அவிழ்த்தாள். முடி முதுகெல்லாம் சரிந்தது.

"தப்பு என்னுதாவே இருக்கட்டும். அதுக்கு ஈடா இந்த முடிய மலையில குடுத்துடறேன். இப்ப வழி உடு."

பத்மினி அந்த முடியைப் பார்த்தாள். வழிவிட்டு நகர்ந்தாள்.

சுகப்பிரசவம். பெண் குழந்தை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் திருமலைக்குப் போனார்கள். முடி இறக்குமிடத்தில் செல்லியம்மா கண் கலங்கத் தலையை நனைத்துக்கொண்டு வந்தாள். பத்மினி அவளைத் தள்ளிவிட்டுத் தானே மொட்டைக்குப் போய் உட்கார்ந்தாள்.

"பேத்தி எங்க வூட்டுது, வேண்டுதல் எங்க வூட்டுது, மொட்ட மட்டும் ஒனக்கா? நீ மொட்டைக்குப் பதிலா நுனியில மூணு கத்தரி முடி குடு, சாமி ஒத்துக்கும். அடுத்த பொண்ணு வலியில கத்தறப்ப, எத்த அவுத்து உட்டுக்கினு உள்ள போவ?"