காதுகுத்துக்குப் போகும் வழியில் நின்ற கார்

காலை ஐந்தே முக்காலுக்கு ஒரத்தநாட்டிலிருந்து கிளம்பினேன். பின் இருக்கையில் சீர்த்தட்டு: பட்டுப்பாவாடை, தங்கக் கம்மல், பழம், பூ. கோடியக்கரையில் என் தங்கை செல்வியின் மகளுக்கு அன்று காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன், அதாவது நான். நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். செல்வி மீன்பிடிக் குடும்பத்துப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் போகவில்லை. பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு அவள் கூப்பிட்டபோது, கார் ரிப்பேர் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

திருத்துறைப்பூண்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பங்கில் ஆயிரத்து ஐந்நூறுக்குப் பெட்ரோல் போட்டேன். ஐப்பசி மழை இரவெல்லாம் கொட்டியிருந்தது. பங்க் வாசலில் கணுக்கால் தண்ணீர். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நட்டு முடித்த சம்பா வயல்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஊரைக் கடந்தேன். எட்டாவது கிலோமீட்டரில் கார் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. மணி ஏழரை.

பால் வண்டிக்காரர் ஒருவர் கயிறு கட்டி ஒர்க்‌ஷாப் வரை இழுத்துப்போய் விட்டார். மெக்கானிக் சேகர் கொஞ்சம் பெட்ரோலை ஒரு காலி பாட்டிலில் பிடித்து, ஐந்து நிமிடம் ஆடாமல் வைத்தார்.

"பாருங்க சார், மேல நிக்கிறது பெட்ரோல். கீழ நிக்கிறது தண்ணி. பங்க் டேங்க்ல மழைத்தண்ணி எறங்கியிருக்கும்போல."

டேங்க் கழுவ 1,800, ஃபில்டர் 650, பம்ப் 4,200. ஆக 6,650 ரூபாய், அதுவும் சாயங்காலம்தான் முடியும் என்றார். பில்லில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து கத்தினேன். "எத்தனையோ வண்டி போட்டுட்டுப் போவுது, உங்களுக்கு மட்டும் எப்படி சார் தண்ணி?" என்று வைத்துவிட்டார்கள்.

"நம்ம சந்தேகம்தான் படலாம் சார். சண்டை போட இன்னிக்கு உங்களுக்கு நேரமில்ல," என்றார் சேகர்.

பணத்தைவிடப் பெரிய பயம் செல்விக்குப் போன் செய்வதுதான். கார் நின்றுவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? பஸ் வருமா என்று சாலையைப் பார்த்தே நேரத்தைக் கடத்தினேன். எட்டே முக்காலுக்குத் துணிந்து கூப்பிட்டேன். எடுத்தவர் அவள் கணவர் ரவி. அவரிடம் நான் பேசுவது அதுதான் முதல் தடவை.

"மாப்பிள்ளை, கார் நின்னுபோச்சு. சத்தியமாங்க."

அந்தப் பக்கம் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"எந்த எடம் மச்சான்?"

ஒன்பதே முக்காலுக்கு அவர் பைக்கில் வந்து இறங்கினார். காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வேதாரண்யத்தில் தூறல் பிடித்தது. வண்டியை நிறுத்தித் தன் மழைக்கோட்டைக் கழற்றி நீட்டினார்.

"போட்டுக்குங்க மச்சான். எனக்குக் கடத்தண்ணியே பழக்கம்."

மழைநீரில் முழுகிக் கிடந்த உப்பளங்களைத் தாண்டிக் கோடியக்கரைக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். நல்ல நேரம் போய்விட்டிருந்தது. செல்வி ஓடிவந்து தட்டை வாங்கிக்கொண்டாள். நேரம் தவறியதற்கு அவள் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அட, உக்காருங்க தம்பி. ரெண்டு தடவ நாள் குறிச்சு நிறுத்தியாச்சு. எங்கண்ணன் மடியிலதான் குத்துவேன்னு ஒத்தக்கால்ல நின்னா உங்க தங்கச்சி. மூணு வருசம் பொறுத்த புள்ளைக்குக் கால் மணி நேரம் என்ன பெருசு?"

அந்த இரண்டு தடவையும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். மடியில் ஏற்றிவிட்ட பிள்ளை, முன்பின் தெரியாத என்னை அண்ணாந்து பார்த்தது. அந்த வெறும் காதுகளைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

காது குத்த வந்த பத்தர் பதறிப்போனார்.

"ஊசியே இன்னும் எடுக்கலீங்க. அதுக்குள்ள மாமன் அழுதா எப்படி?"