அண்ணனுக்குக் கொடுக்காத செல்கள்

வேண்டுமென்றேதான் மறுத்தேன். என் அண்ணனைக் காலமெல்லாம் மாத்திரை விழுங்க வைத்தவள் நான்தான்.

என்னைக் கெட்டவள் என்று நினைக்கிறீர்களா? நினைத்துக்கொள்ளுங்கள்! அவருக்கு என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தவளும் நான்தான்.

உடம்பு தேறியதும் அண்ணன் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சொந்தக்காரர்களுக்கு விருந்து வைத்தார். சித்தி என்னைக் காட்டி அவரிடம் கேட்டார்: "தங்கச்சி உடம்புக்கு ஒண்ணும் ஆகாதேப்பா?"

"அவளுக்கு என்ன சித்தி... புருஷனா, பிள்ளையா? ரெண்டு கிட்னி வச்சு என்ன பண்ணப் போறா? ஒண்ணு போதும் லா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... தையல் போட்ட இடம் வலிக்க வலிக்க!

சில மாதம் கழித்து மருத்துவமனையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். என் இரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து அண்ணனுக்கு ஏற்றும் ஒரு பரிசோதனைச் சிகிச்சை. அவை அவர் உடம்பில் நிலைத்துவிட்டால், அந்த உடம்பு என் சிறுநீரகத்தை எதிர்க்காது. அந்த எதிர்ப்பை அடக்க அவர் தினமும் விழுங்கும் மாத்திரைகளை மெல்ல நிறுத்திவிடலாம். நிச்சயம் இல்லை, ஆனால் நடக்கலாம். வேறு யாருடைய செல்லும் உதவாது. சிறுநீரகம் கொடுத்தவள்தான் கொடுக்க வேண்டும்.

"இஷ்டம் இல்லேன்னா சொல்லிடுங்கக்கா," என்றாள் தாதி. "காரணத்த யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். உங்க செல் இதுக்குச் சரிப்படலன்னு மட்டும் அண்ணன்கிட்ட சொல்லுவோம்."

கொடுப்பவரைக் காப்பாற்ற வைத்திருக்கும் ஏற்பாடு அது. நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"வேணாம்," என்றேன்.

பயமா? வயிற்றையே அறுக்கக் கொடுத்தவளுக்கு ஊசி ஒரு பொருட்டா! காலையும் மாலையும் அவர் விழுங்கட்டும். என்னிடம் எடுத்துக்கொண்டது சும்மா வரவில்லை என்று அவர் உடம்புக்காவது தெரியட்டும்!

அன்று மாலையே அண்ணன் அழைத்தார். "சரிப்படலன்னு சொல்லிட்டாங்களாமே... நீ மனசு கஷ்டப்படாதம்மா. உன் மேல என்ன தப்பு?"

எனக்கு ஆறுதல் சொல்கிறார்! ஏன் பாவி என்று என்னைத் திட்டவில்லை? திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேனே...

மருந்தால் இப்போது அவர் கை நடுங்குகிறது. போன வாரம் செங்காங்கில் அவர் வீட்டில் பேத்திக்குக் கஞ்சி ஊட்டினார். கரண்டி ஆடி, சூடான கஞ்சி குழந்தையின் கன்னத்தில் விழுந்தது. அவள் அலறிக்கொண்டு தன் அம்மாவிடம் ஓடினாள். அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். மறுபடி எடுக்கவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், இருந்தது! அந்தக் குழந்தை என்ன செய்தது எனக்கு?

மனம் மாறினால் இன்னும் கொடுக்கலாமாம். நேற்று தாதியைப் போனில் அழைத்தேன்.

"சொல்லுங்கக்கா," என்றாள்.

வைத்துவிட்டேன்.