ஆணையத்தில் லோர்னா

அந்த மலை மாநிலத்தில் மீன், வனவிலங்குத் துறையை நடத்துபவர் ஓர் இயக்குநர். அவரை வைப்பதும் எடுப்பதும் கவர்னர் நியமித்த ஐந்து பேர் கொண்ட ஆணையத்தின் வேலை. ஆட்டுப்பண்ணைக்காரி லோர்னா ட்வெட் அந்த ஐவரில் ஒருத்தி. புருஷன் போன பிறகு பண்ணையைத் தனியாகக் கட்டி மேய்த்தவளுக்கு, இந்தப் பதவியில் யாருக்கு யார் முதலாளி என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. இயக்குநர் ஹாஸ்கின் அவளிடம் பணிந்து பேசுவார். கவர்னர் அலுவலகத்திலிருந்து போன் வந்தால் அவள் எழுந்து நின்று பேசுவாள். தீவனக் கடைக்குப் போனாலோ ஊரே அவளை அதட்டும். தலை சுற்றாமல் என்ன செய்யும்?

அந்தப் பனிக்காலத்தில் ஹாஸ்கினின் பதவி நீட்டிப்பு வாக்கெடுப்புக்கு வந்தது. எல்க் மான் வேட்டைக்கான அனுமதியை அவர் குறைத்திருந்தார். மலையில் மந்தை மெலிந்துவிட்டது, குறைத்தது சரி என்றார்கள் வேட்டைக்காரர்கள். கீழே இறங்கும் மான்கள் வைக்கோலைத் தின்று தீர்க்கின்றன, ஆளை மாற்று என்றார்கள் பண்ணைக்காரர்கள்.

"ஏம்மா லோர்னா, நீ மானுக்கு உறுப்பினரா, நமக்கா?" என்று கேட்டான் பக்கத்துப் பண்ணை எல்டன்.

அவளுடைய வைக்கோலையும் மான்கள் விட்டுவைக்கவில்லைதான். ஆனால் வேலி கேட்டபோது, பனியில் நின்று கம்பம் நட்டுக் கொடுத்தவர் ஹாஸ்கின். அவர் போகக் கூடாது என்றுதான் அவள் மனசு சொன்னது. அதற்குள் கவர்னர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"முடிவு உங்களோடதுதான் மேடம். கவர்னருக்குக் கொஞ்சம் கவலை, அவ்வளவுதான்."

"கவலைன்னா வைக்கணுமா, எடுக்கணுமா?"

"அதை நாங்க சொல்லக்கூடாதே."

சக உறுப்பினர்களைக் கேட்கலாம் என்றால், மூன்று பேர் சேர்ந்தால் பெரும்பான்மை; அப்படிக் கூட்டத்துக்கு வெளியே சேர்ந்து பேசச் சட்டம் இடம் தராது. கூட்டத்தன்று காலை ஓட்டலில் இரண்டு உறுப்பினர்கள் இருந்த மேசையில் தட்டோடு போய் உட்கார்ந்தாள். கிழவர் வாஸ் உடனே தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"மூணு பேராயிட்டோம்மா."

"மழை, பனியைப் பத்திக்கூடப் பேசக்கூடாதா?"

"பனியில ஆரம்பிச்சா மான்லதான் வந்து நிக்கும்."

கூட்டம் கூடியது. ஹாஸ்கினை அடுத்த ஆண்டும் தொடரச் செய்யும் தீர்மானத்தைத் தலைவர் படித்தார். ஆதரவாக இரண்டு கை, எதிராக இரண்டு கை. எல்லோரும் லோர்னாவைப் பார்த்தார்கள். தெளிவில்லாதவள் ஒதுங்கிக்கொண்டால் யாருக்கும் கெடுதல் இல்லை, இருப்பது இருந்தபடி இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

"நான் ரெண்டு பக்கமும் இல்லீங்க."

"பெரும்பான்மை இல்ல. தீர்மானம் தோத்துப்போச்சு" என்றார் தலைவர்.

"அப்ப அவரு இருக்காருதானே?"

"இல்லம்மா. இருக்கணும்னாதான் மூணு கை வேணும். இந்த மாசத்தோட சரி."

லோர்னா அவசரமாகக் கையைத் தூக்கினாள். மறுபடி ஓட்டெடுக்கலாமா என்று கேட்பதற்குள் தலைவர் ஆற்று மீன் விஷயத்துக்குப் போய்விட்டார்.

இடைவேளையில் ஹாஸ்கின் அவளிடம் வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"யாராவது மிரட்டினாங்களா லோர்னா?"

"இல்லீங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் புரியல."

"மிரட்டியிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும்" என்றார்.